சின்ன வண்டியின் அக்கா

என் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இருபத்து நான்கு வருடம் கூடவே இருந்து அவஸ்தைப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். எனக்குக் கண்ணாடிக் கடை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள் கடைக்கு வந்திருந்தாள். ஒரு அம்மாள் புது ஃபிரேமைப் போட்டுக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டார். "உங்க முகத்துக்கு இது ரொம்ப அகலம். ஆந்தை மாதிரி இருக்கு" என்றாள் இவள். அந்த அம்மாள் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்தான். நான் சமைத்தால் "உப்பு கூட" என்பாள். மறுநாள் குறைத்துப் போட்டால் "இப்ப பத்தல" என்பாள். ஒரு நாளாவது சும்மா 'நல்லா இருக்கு' என்று சொல்லக் கூடாதா என்று கேட்டால், "நல்லா இருக்கிற அன்னைக்குச் சொல்றேன்" என்பாள். சொல்லியும் இருக்கிறாள், இதுவரை நான்கு தடவை. நான்கு தேதியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, ஒரு மனிதனின் காதில் நாள் முழுக்கப் பேசுவது. கார் பந்தய அணி ஒன்றில் அவள் இன்ஜினியர். பந்தயப் பாதையை ஒட்டி ஒரு தாழ்வான சுவர் இருக்கும். அதன் மேல் சின்னக் கூரை, கூரைக்குக் கீழே வரிசையாகத் திரைகள். அதில் ஆறு திரை இவளுடையது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஓட்டுகிறவனிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, பின்னால் வருகிறவன் எத்தனை வினாடி தள்ளி இருக்கிறான், டயர் இன்னும் எத்தனை சுற்றுத் தாங்கும், எப்போது உள்ளே வர வேண்டும். 'உள்ளே வா' என்றால் பந்தயத்தை விட்டு விலகி ஓரப் பாதைக்கு வந்து டயர் மாற்றிக்கொண்டு போ என்று அர்த்தம். மாற்றுவதற்கு மூன்று வினாடிகூட ஆகாது. ஆனால் ஓரப் பாதையில் ஊர்ந்து வந்து போவதற்குள் இருபது வினாடி போய்விடும். அந்த இருபது வினாடியை எந்தச் சுற்றில் செலவழிப்பது என்பதுதான் இவர்களுடைய படிப்பு, மூளை, சண்டை எல்லாம். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர இத்தனை ஆர்ப்பாட்டமா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, இரண்டு நாள் நானே டீ போட்டுக் குடித்தேன்.

அணிக்கு வண்டி இரண்டு. இரண்டும் ஒரே நிறம், ஒரே என்ஜின். ஆனால் பெரிய பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுத்துவிட்டுச் சின்னவனுக்கு அவனுடைய பழசை மாட்டிவிடுகிற வீடு உண்டல்லவா, அந்த மாதிரி. புதிதாக எந்தப் பாகம் வந்தாலும் முதலில் பெரிய வண்டிக்கு. இரண்டும் ஒரே சமயத்தில் உள்ளே வந்தால் சின்ன வண்டி பின்னால் காத்து நிற்க வேண்டும். எதிரணிக்காரன் பெரிய வண்டியைத் துரத்தினால், சின்ன வண்டி நடுவே புகுந்து வழியை மறிக்க வேண்டும். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. இப்போது பெரிய வண்டியை ஓட்டுகிறவனுக்கு இருபத்தாறு வயதுதான், ஆனாலும் ஷெட்டில் எல்லோருக்கும் அவன் 'பெரியவர்'. என் மனைவி சின்ன வண்டிக்காரி.

இது அநியாயம் இல்லையா என்று நான் பொங்குவேன். அவள் பொங்க மாட்டாள். "வருஷக் கடைசியில ஒருத்தனுக்குத்தான் கோப்பை. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி பிரிச்சுக் குடுத்தா ரெண்டு பேருக்கும் இல்லாம போயிடும். விட்டுக் குடுன்னு சொல்றது தப்பில்லங்க. ஏமாத்தி விட வைக்கிறதுதான் தப்பு" என்பாள்.

அதை அவள் பட்டுத் தெரிந்துகொண்டாள். சின்ன வண்டியை ஓட்ட ஒரு பையன் வந்த முதல் வருடம் அது. அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. இவளை அக்கா என்றான், அதனால் நான் மாமா ஆனேன். எனக்கு மைத்துனன் இல்லாத குறை தீர்ந்தது. எங்கள் வீட்டில் அவன் பெயரே தம்பி. பந்தயம் இல்லாத நாட்களில் என் கடைக்கு வந்து உட்கார்ந்து, இருக்கிற ஃபிரேமை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பான். "மாமா, இதைப் போட்டா படிச்சவன் மாதிரி இருக்கேன்ல?" "படிச்சவன் மாதிரி இருக்கே, பாஸான மாதிரி இல்ல" என்பேன்.

அந்த வருடம் ஒரு பந்தயத்தில் அவன் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தான், பெரிய வண்டி மூன்றாவதாக. மேனேஜர் இவளிடம், "விடச் சொன்னா சின்னப் பையன் மொரண்டு பிடிப்பான். என்ஜின் சூடாகுதுன்னு சொல்லு, தானா மெதுவா போவான்" என்றார். வேலைக்குப் புதிது, எதிரே நிற்பவர் மேனேஜர். சொல்லிவிட்டாள். அவனும் வேகத்தைக் குறைத்தான், பெரிய வண்டி தாண்டிப் போனது. பந்தயம் முடிந்ததும் மெக்கானிக் ஒருவர் விளையாட்டாக, "என்ஜின் பச்சத் தண்ணியாட்டம் இருந்துச்சே" என்று அவனிடம் உளறிவிட்டார்.

இரண்டு வாரம் அவன் இவளோடு பேசவில்லை. இவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது வாரம், "வாங்க போகலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு அவன் வாடகைக்கு இருந்த மாடி அறைக்குப் போனாள். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவன், பிரஷ்ஷும் கையுமாகக் கதவைத் திறந்தான். உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. இவள் வாசலிலேயே நின்று, "பொய் சொல்லிட்டேன் தம்பி. அவங்க சொன்னாங்கன்னு சொன்னேன். ஆனா சொன்னது என் வாய்தான்" என்றாள்.

அவன் பிரஷ்ஷைப் பார்த்தபடியே பேசினான். "அங்க எனக்கு முன்னாடி இருக்கிற ரோடு மட்டும்தான் தெரியும் அக்கா. மத்தது எல்லாம் உங்க குரல்தான். அதையே நம்ப முடியலன்னா நான் யாரை நம்பி பிரேக் போடுவேன்?"

அந்த வாசலில்தான் அந்த ஏற்பாடு முடிவானது. மேலிடத்திலிருந்து வருகிற உத்தரவை இவள் மறைக்காமல் சொல்வாள். ஆனால் 'சொல்லச் சொன்னாங்க' என்று முன்னால் போட்டுத்தான் சொல்வாள். அந்த வார்த்தை இல்லாமல் அவள் எது சொன்னாலும் அது அவளுடைய சொந்த வார்த்தை, கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். அன்றிலிருந்து பத்து வருடம் இது பிசகியதில்லை. "தம்பி, சொல்லச் சொன்னாங்க, மெதுவா போ." "தம்பி, சொல்லச் சொன்னாங்க, இந்தத் தடவை உள்ள வராத." அவனும் பெரும்பாலும் கேட்டான், முணுமுணுத்துக்கொண்டே கேட்டான். ரேடியோவில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர், அது இவளுடைய பேச்சுப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு தடவை என்னிடமே, "உங்க வீட்டம்மா வீட்லயும் இப்படித்தான் பேசுவாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். எங்கள் வீட்டில் பொய் சொல்வது என் இலாகா.

பதினோரு வருடத்தில் அவன் ஒன்பது தடவை இரண்டாவதாக வந்தான். மூன்றாவதாக வந்தது எத்தனை என்று அவனுக்கே நினைவில்லை. முதலாவதாக ஒரு தடவைகூட வரவில்லை. வரக்கூடிய நாட்கள் நான்கைந்து இருந்தன. அந்த நாட்களில் எல்லாம் பின்னால் பெரிய வண்டி வந்துகொண்டிருந்தது.

போன வருடம் பாதியில், முப்பத்தெட்டு வயதாகிவிட்டது, அடுத்த வருடம் உனக்கு வண்டி இல்லை என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள். வேறு அணியிலும் கூப்பிடவில்லை. ஆக வருடக் கடைசிப் பந்தயம்தான் அவனுக்கும் கடைசி. நான் பந்தயம் பார்க்கப் போகிறவன் இல்லை. அந்த ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

காலையில் ஷெட்டுக்குப் பின்னால் அவன் இவளைப் பார்த்துச் சொன்னது என் காதில் விழுந்தது. "அக்கா, இன்னைக்கு மட்டும் விட மாட்டேன்."

"விடுறதும் விடாததும் உன் இஷ்டம். சொல்லச் சொன்னதை நான் சொல்லுவேன்" என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்காமல் விறுவிறுவென்று சுவர்ப் பக்கம் நடந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். பெரியவர் அன்று முதலாவதாக வந்தால் வருடக் கோப்பை அவருக்கு. இரண்டாவதாக வந்தால் எதிரணிக்காரனுக்கு. அதனால் காலையிலேயே மேனேஜரும், எப்போது டயர் மாற்றுவது என்று கணக்குப் போடுகிற ஆளும் கூடிப் பேசினார்கள். அந்தக் கணக்கு ஆளுக்கு ஷெட்டில் ஜோசியர் என்று பெயர். பலித்தால் தன் திறமை என்பார், பலிக்காவிட்டால் வானிலை என்பார். கடைசிக் கட்டத்துக்காக வைத்திருந்த டயர்களில் சின்ன வண்டிக்கு ஒரு புது செட் மிச்சம் இருந்தது. பெரிய வண்டிக்கு மிஞ்சியது ஏற்கெனவே ஓடிய செட். மாற்றிக் கொடுத்துவிடு என்று உத்தரவு வந்தது. டயர்க்காரர் நான்கு சக்கரத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமும், நான்கை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமுமாக உருட்டிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். கடைசி நாளில்கூடச் சின்னவனுக்குப் பழசா என்று எனக்கு வயிறு எரிந்தது.

டயர்க்காரர் நல்ல மனிதர். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, ஹெட்போனும் கொடுத்தார். அதில் இவளும் தம்பியும் பேசுவது கேட்கும். இருபத்து நான்கு வருடமாக என்னோடு பேசுகிற குரல்தான். அங்கே கேட்டபோது வேறு யாரோ போல இருந்தது. அவ்வளவு நிதானம்.

பந்தயத்தின் நடுவில் ஏதோ ஒரு வண்டி சுவரில் மோதியது. அதை அப்புறப்படுத்துகிற வரை எல்லோரும் மெதுவாகத்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே வந்தால் நஷ்டம் குறைவு. இவள் அப்போதே தம்பியைக் கூப்பிட்டு, டயர் மாற்றி அனுப்பிவிட்டாள். ஜோசியர் பெரிய வண்டிக்குக் கணக்குப் போட்டு முடித்து அதைக் கூப்பிடுவதற்குள் ஒரு சுற்றுத் தாமதமாகிவிட்டது. எல்லோரும் மறுபடி வேகமெடுத்தபோது சின்ன வண்டி முதலில் போனது, பெரிய வண்டி அதன் பின்னால். இன்னும் பதினைந்து சுற்று இருந்தது.

அதில் மூன்றாவது சுற்றில் அவள் குரல் வந்தது. "தம்பி, சொல்லச் சொன்னாங்க, பெரிய வண்டிய முன்னாடி விடு."

"கேட்டுச்சு அக்கா."

விடவில்லை. அடுத்த சுற்றில் மறுபடி சொன்னாள். மறுபடி கேட்டுச்சு என்றான். அதற்கடுத்து மேனேஜரே பேசினார். குடும்பம், விசுவாசம், பதினோரு வருட உறவு என்று ஒரு நிமிடம் பேசினார். தம்பி வேகத்தைக் குறைக்கவில்லை. சின்ன வண்டியின் மெக்கானிக்குகள் எல்லோரும் ஏதோ திருகாணியைத் தொலைத்தவர்கள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிரிப்பை மறைக்கத்தான். ஜெயித்துவிடுவான் என்று தோன்றியது. நான் யாரையும் இவ்வளவு ஆசையாக ஜெயிக்கச் சொல்லி வேண்டிக்கொண்டதில்லை.

ஒன்பது சுற்று பாக்கி இருக்கும்போது அவள் திரையில் ஒரு எண் இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் சின்னதாக ஒரு கருவி இருக்கிறது. காற்று எவ்வளவு என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். முன் இடது சக்கரம், இருபத்தொன்று புள்ளி நான்கு. அப்புறம் இருபத்தொன்று புள்ளி ஒன்று. அப்புறம் இருபது புள்ளி ஏழு. ஒரு முழுச் சுற்று அவள் பேசாமல் பார்த்திருக்கிறாள். கருவி தப்பாகக் காட்டுகிறதோ என்று மற்ற எண்களையும் பார்த்திருக்கிறாள். பழைய செட், ஏற்கெனவே தேய்ந்தது, இப்படி ஆகக்கூடியதுதான். நேர் பாதையில் அந்த வேகத்தில் முன் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வேறு அணிப் பையன் ஒருவன் அப்படி ஆகி இன்றும் ஊன்றுகோலோடு நடக்கிறான்.

இப்போது கூப்பிட்டால் அவன் என்ன நினைப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"தம்பி, முன் இடது டயர்ல காத்து இறங்குது. உள்ள வா."

நான்கு வினாடி இரைச்சல் மட்டும் கேட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியல அக்கா. வண்டி நல்லாத்தான் போகுது."

"மெதுவா இறங்குது, உனக்குத் தெரியாது. உள்ள வா."

"சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல. நான் சொல்றேன்."

அதற்குப் பிறகு அவன் யோசிக்கவே இல்லை. "சரி" என்றான். வந்துவிட்டான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதை நான் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். நான்கு சக்கரம் கழன்றது, நான்கு சக்கரம் மாட்டியது, கிளம்பிப் போனான். திரும்பப் பந்தயத்தில் சேர்ந்தபோது ஆறாவது இடம். கழற்றிய சக்கரம் என் பக்கத்துக்கே உருண்டு வந்தது. டயர்க்காரர் காற்று பார்க்கும் மீட்டரை அதில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அந்தச் சக்கரத்தைச் சுவர் ஓரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

பெரியவர் முதலாவதாக வந்தார், கோப்பை கிடைத்தது. தம்பி ஐந்தாவது. ஷெட்டில் ஒரே கூச்சல். மேனேஜர் ஓடிவந்து என் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்ன மூளைம்மா உனக்கு. நான் அவ்வளவு கெஞ்சியும் கேக்காதவன், டயர்னு நீ சொன்னதும் எப்படி வந்தான் பாரு."

"டயர்தான் சார்" என்றாள்.

"ஆமாமா, டயர்தான்" என்று கண்ணடித்துவிட்டுப் போனார். போகிற வழியில் நான்கு பேரிடம் அதையே சொல்லிச் சிரித்தார். அடுத்த வருடம் பெரிய வண்டிக்கு இவள்தான் இன்ஜினியர் என்றும் சொன்னார்.

அவள் நேராக டயர்க்காரரிடம் வந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "காத்து அப்படியே இருக்கும்மா" என்றார். அவள் மீட்டரைப் பிடுங்கித் தானே வைத்துப் பார்த்தாள். சொட்டுக்கூடக் குறையவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சக்கரத்தின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதில் பதித்திருந்த கருவியின் எண்ணைப் படித்தாள். படித்துவிட்டு, பெரிய வண்டி நிற்கிற இடத்துக்கு நடந்தாள், நாங்கள் இருவரும் பின்னால் போனோம். அதன் முன் இடது சக்கரத்தில் மீட்டரை வைத்தாள். பதினாலு. கடைசி மூன்று சுற்றும் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று பெரியவர் கத்தினாராம். எண்ணெல்லாம் சரியாக இருக்கிறது, போங்கள் என்று அவருடைய இன்ஜினியர் சொன்னாராம்.

டயர்க்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் செட்டை மாற்றிக் கொடுத்தவர், எந்தக் கருவி எந்த வண்டிக்கு என்று கம்ப்யூட்டரில் இருக்கிற எண்களை மாற்ற மறந்துவிட்டார். சின்ன வண்டியின் சக்கரம் என்று இவள் பார்த்துக்கொண்டிருந்தது பெரிய வண்டியின் சக்கரத்தை. சின்னவனிடமிருந்து பிடுங்கிக் கொடுத்த அந்தப் புது செட்டில்தான் ஓட்டை.

"என் தப்பும்மா" என்றார் அவர்.

"நீங்க மறந்தீங்க. நான் வந்து பாக்கல" என்றாள் அவள்.

பந்தயத்துக்கு முன் சின்ன வண்டியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு சக்கரத்தின் எண்ணையும் தன் தாளோடு ஒத்துப் பார்ப்பது அவள் வழக்கம். பதினோரு வருடத்தில் அன்று ஒரு நாள்தான் அதைச் செய்யவில்லை.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "இங்க பாரு, டயர்ல ஓட்டைதான்னு அவன்கிட்ட சொல்லிடு. யாருக்கு என்ன நஷ்டம்? அவன் தலையெழுத்துன்னு நெனச்சு மனசு ஆறிடுவான். இப்போ போய் நல்ல டயரத்தான் கழட்டினோம்னு சொன்னா, வெளிய பேசுறதைத்தான் நம்புவான்" என்றேன். டயர்க்காரரும் தலையாட்டினார்.

"தெரியும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பயந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். அவனுக்கு இனி ஓட வண்டி இல்லை, அவளிடம் அவன் மறுபடி பேசியாக வேண்டிய கட்டாயமும் இல்லை. இன்று விட்டால் விட்டதுதான்.

ஷெட்டுக்குப் பின்னால் உடை மாற்றும் சின்ன அறை. தம்பி பெஞ்சில் உட்கார்ந்து, கால் இரண்டையும் ஐஸ் போட்ட பக்கெட்டில் வைத்திருந்தான். அந்த வண்டிக்குள் கால் வெந்துபோகுமாம். "வாங்க மாமா, உக்காருங்க" என்றான். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே பாட்டும் விசிலும் கேட்டது.

அவள் கதவை ஒட்டி நின்றபடியே சொன்னாள். "தம்பி, உன் டயர் நல்லா இருந்துச்சு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். காலையில் மாற்றிய செட், மாற்றாத எண், தன் திரையில் பார்த்தது, பெரிய வண்டியில் மீட்டர் காட்டியது. சாக்குச் சொல்லாமல், மன்னிப்பு கேட்காமல், ரேடியோவில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"வெளிய வேற மாதிரி பேசிக்கிறாங்க" என்றான்.

"தெரியும்."

"உங்களுக்குப் பெரிய வண்டி குடுக்குறாங்களாம்."

"சொன்னாரு. நான் இன்னும் பதில் சொல்லல."

அவன் பக்கெட்டுக்குள் காலை அசைத்தான். "எட்டு சுத்து அக்கா. பதினோரு வருஷம் ஓட்டி, எட்டே எட்டு சுத்து."

"ஆமா."

"எப்பவும் வண்டியச் சுத்தி வந்து நம்பர் பாப்பீங்களே. இன்னைக்கு ஏன் பாக்கல?"

அவள் பதில் சொன்னபோது அந்த ரேடியோ குரல் போய்விட்டிருந்தது. "உன் பக்கத்துல வந்தா அழுதுடுவேன்னு வரலடா."

எனக்குத் தாங்கவில்லை. "தம்பி, அவ வேணும்னு செய்யல. பொய் சொல்லல. நீ என்ன வேணா நெனச்சுக்கோ, அதை மட்டும் நெனைக்காத" என்று உளறினேன்.

அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். "மாமா, பொய் சொல்றவங்களா இருந்தா டயர் போயிருந்துச்சுன்னு சொல்லியிருப்பாங்க. நான் அதைக் கேட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்." சொல்லிவிட்டு நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டான். அவள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கெட் தண்ணீர் தளும்பி அவள் செருப்பெல்லாம் நனைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான். "அப்போ நீங்க கூப்பிடலன்னா?"

வேறு யாராக இருந்தாலும், அதையெல்லாம் இப்போது ஏன் பேச வேண்டும் என்றிருப்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள், அந்த எட்டு சுற்றையும் ஓட்டிப் பார்க்கிறவள் மாதிரி. "உனக்கும் அவனுக்கும் ஒண்ணே முக்கால் வினாடி இருந்துச்சு. கடைசி மூணு சுத்துல அவன் வண்டி இழுத்துச்சு, நெருங்கியிருக்க முடியாது. உன் டயர் தேஞ்சதுதான். ஆனா இன்னும் பத்து சுத்துக்குத் தாங்கும். இப்போதான் பாத்துட்டு வர்றேன்."

"அப்போ நான் ஜெயிச்சிருப்பேனா அக்கா?"

"ஜெயிச்சிருப்ப."

"எனக்காகச் சொல்லலையே?"

"இல்ல தம்பி. ஜெயிச்சிருப்ப."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் அவன் முதுகில் கையை வைத்தாள், அவளும் அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. நான் எழுந்துபோய் ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து அவனிடம் நீட்டினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் பதினோரு வருடத்தில் நான் பார்த்திராத ஒரு முகமாக இருந்தது அது.

"ஜெயிச்சிருப்பேன் மாமா," என்றான், நான் அந்த அறையிலேயே இல்லாமல் இப்போதுதான் உள்ளே வந்தவன் போல. "அக்கா சொல்லிட்டாங்க."